டாம்கேட்டில் 200 திரெட்டும் நிறைந்துவிட்டால்: எத்தனை வைப்பது, முதலில் எங்கே பார்ப்பது

கேள்வியின் சுருக்கம் இது. 4 கோர் மெஷினில் ஒரு ஸ்பிரிங் பூட் (ஜாவா) அப்ளிகேஷன். உள்ளே டாம்கேட் வெப் சர்வர், முன்னால் ரிக்வெஸ்டுகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். சாதாரண நேரத்தில் விநாடிக்கு 20 ரிக்வெஸ்ட், உச்ச நேரத்தில் 120. ஒரு ரிக்வெஸ்டுக்கு ஏறத்தாழ 400 மில்லிசெகண்ட் ஆகிறது: பேமென்ட் கேட்வே பதிலுக்கு 310, டேட்டாபேஸுக்கு 70, சிபியுவில் 20. உச்ச நேரத்தில் 200 திரெட்டும் (ஆளுக்கு ஒரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் வேலையாட்கள் மாதிரி) பிஸியாகி, பக்கங்கள் அரை நிமிடம் தொங்குகின்றன. திரெட் வரம்பான மேக்ஸ்திரெட்ஸை 800 ஆக்கிப் பார்த்ததில் மெமரி ஏறியதுதான் மிச்சம். "கனெக்ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிசெகண்டில் டைம்அவுட்" என்று, டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து கொடுக்கும் ஹிகாரி பூலிலிருந்து புதிதாக ஒரு பிழையும் வர ஆரம்பித்தது. சரியான எண் எது?

எண்ணை மட்டும் கேட்டால், 100. ஆனால் இப்போதிருக்கும் நிலையில் 100 வைத்தாலும் தொங்கும், 2000 வைத்தாலும் தொங்கும். உங்கள் திரெட்டுகள் வேலை செய்துகொண்டிருக்கவில்லை, டேட்டாபேஸ் கனெக்ஷனுக்காக வரிசையில் நிற்கின்றன. 800 ஆக்கிய பிறகு வந்த அந்தப் புதுப் பிழையே இதற்குச் சாட்சி. அது எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன், ஒரு ரிக்வெஸ்ட் டாம்கேட்டுக்குள் எந்தெந்த வாசல்களில் காத்திருக்கிறது என்பது தெளிவாக வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கனெக்ஷன் முதலில் லினக்ஸ் கெர்னலின் அக்செப்ட் வரிசையில் விழும். அதன் நீளம் டாம்கேட்டின் அக்செப்ட்கவுன்ட், டீஃபால்ட் 100. கெர்னலின் சோமேக்ஸ்கான் அதைவிடச் சிறியதாக இருந்தால் அதுதான் செல்லும். அங்கிருந்து அக்செப்டர் திரெட் கனெக்ஷனை எடுத்து, எதில் டேட்டா வருகிறது என்று கவனிக்கும் போலரிடம் கொடுக்கும். இப்படி டாம்கேட் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளும் கனெக்ஷன்களின் உச்சவரம்பு மேக்ஸ்கனெக்ஷன்ஸ். இன்றைய பதிப்புகளில் அது 8192. ரிக்வெஸ்ட் டேட்டா வந்து சேர்ந்ததும் போலர் அதை ஒர்க்கர் திரெட்டுக்கு அனுப்பும். ஒர்க்கர்களின் வரம்புதான் மேக்ஸ்திரெட்ஸ், டீஃபால்ட் 200. எல்லா ஒர்க்கரும் பிஸி என்றால் ரிக்வெஸ்ட் உள்வரிசையில் உட்காரும். அந்த உள்வரிசைக்கு டீஃபால்டாகத் தனி வரம்பு எதுவும் கிடையாது. மேக்ஸ்கனெக்ஷன்ஸ்தான் மறைமுகமாக அதைக் கட்டுப்படுத்துகிறது.

200 திரெட் நிறைந்தால் 201ஆவது ஆளுக்கு உடனே பிழை போகும் என்று நினைப்பவர்கள் பலர். போகாது. இன்னும் ஏறத்தாழ 8000 பேர் சத்தமில்லாமல் உள்ளே காத்திருக்கலாம். 8192ம் நிறைந்து, கெர்னல் வரிசையும் நிறைந்த பிறகுதான் புது கனெக்ஷன் மறுக்கப்படும். லினக்ஸில் அப்போதுகூட "மறுக்கப்பட்டது" என்ற தெளிவான பதில் போகாது. கெர்னல் பாக்கெட்டை விட்டுவிடும், எதிர்முனை மறுபடி மறுபடி முயன்று கடைசியில் கனெக்ட் டைம்அவுட் ஆகும்.

பழைய கட்டுரைகள் சொல்வதை இப்போது அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டாம்கேட்டின் பழைய பிளாக்கிங் கனெக்டரில் (கனெக்ஷன்களை ஏற்கும் பகுதி) கீப்அலைவில், அதாவது அடுத்த ரிக்வெஸ்டுக்காகத் திறந்தபடி, சும்மா இருக்கும் கனெக்ஷன்கூட ஒரு திரெட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் அப்போது திரெட்டைக் கூட்டச் சொன்னது நியாயம். 8.5 பதிப்பில் அந்தக் கனெக்டரையே எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ள என்ஐஓ கனெக்டரில் சும்மா இருக்கும் கனெக்ஷன் போலரிடம் இருக்கும், ஒர்க்கரைத் தொடாது.

இனி கணக்கு. 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி ஒன்று போதும்: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, விநாடிக்கு வருபவர்களையும் ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. விநாடிக்கு 120, தங்கும் நேரம் 0.4 விநாடி. பெருக்கினால் 48. அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தால் உச்ச நேரத்திலும் சராசரியாக 48 திரெட்தான் பிஸியாக இருக்கும். வருகை சீராக இருக்காது என்பதற்காக இரட்டிப்பாக்கினால் 96, கைக்கு 100.

சிபியு பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். ஒரு ரிக்வெஸ்டுக்கு 20 மில்லிசெகண்ட் சிபியு என்றால் 4 கோரால் விநாடிக்கு 200க்கு மேல் முடிக்கவே முடியாது. அந்த உச்சத்தை எட்ட எத்தனை திரெட் வேண்டும்? கோர் எண்ணிக்கையை மொத்த நேரத்துக்கும் சிபியு நேரத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்குங்கள்: 4 பெருக்கல் 20, 80. எண்பதுக்கு மேல் வைக்கும் ஒவ்வொரு திரெட்டும் சராசரிக் கணக்கில் வேகத்தைக் கூட்டாது. காத்திருப்பை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும், அவ்வளவுதான். அப்படியிருக்க 200 எப்படி நிறைகிறது?

ஹிகாரியின் டீஃபால்ட் பூல் அளவு 10. ஸ்பிரிங் பூட்டில் டேட்டாபேஸுக்கு ஜேபிஏ லைப்ரரி பயன்படுத்தினால் ஓப்பன்-இன்-வியூ என்ற அமைப்பு டீஃபால்டாகவே இயங்கும். ஆரம்பத்தில் லாகில் ஓர் எச்சரிக்கை வரி வரும், பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. இதனால் ஒரு ரிக்வெஸ்ட் முதல் க்வெரிக்காக எடுத்த கனெக்ஷன், ரெஸ்பான்ஸ் முடியும்வரை அந்த ரிக்வெஸ்டின் கையிலேயே இருக்கும். முதலில் ஆர்டரை டேட்டாபேஸிலிருந்து படித்து, பிறகு கேட்வேயை அழைத்தால், அந்த 310 மில்லிசெகண்டும் கனெக்ஷன் சும்மா பிடிபட்டுக் கிடக்கும். ஒரு டிரான்சாக்ஷன் மெத்தடுக்குள்ளேயே வெளி அழைப்பை வைத்திருந்தாலும் இதே கதைதான். ஆக, கனெக்ஷன் கையிலிருக்கும் நேரம் 70 இல்லை, 380. பத்து கனெக்ஷன், ஒவ்வொன்றும் 0.38 விநாடி. விநாடிக்கு 26 ரிக்வெஸ்ட்தான் முடியும்.

விநாடிக்கு 20 வரும் சாதாரண நேரத்தில் 7.6 கனெக்ஷன் பிஸி, யாருக்கும் எதுவும் தெரியாது. 120 வரும்போது ஒவ்வொரு விநாடியும் 94 பேர் தேங்குகிறார்கள். 200 திரெட்டும் இரண்டே விநாடியில் நிறைந்துவிடும். அதன்பின் டாம்கேட்டின் உள்வரிசை வளர ஆரம்பிக்கும். அரை நிமிடத் தொங்கலின் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது. 200 திரெட் இருந்தபோது ஹிகாரி ஏன் புகார் சொல்லவில்லை? அதன் வாசலில் நின்றவர்கள் 190 பேர். விநாடிக்கு 26 பேர் நகர்ந்தால் கடைசி ஆளுக்கு ஏழெட்டு விநாடியில் கனெக்ஷன் கிடைத்துவிடும். ஹிகாரியின் காத்திருப்பு வரம்பு 30 விநாடி, அதைத் தொடவே இல்லை. 800 ஆக்கியதும் அதே வாசலில் 790 பேர். 790ஐ 26ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 30 விநாடி. பிழை வர ஆரம்பித்தது அதனால்தான். பந்தியில் இலையை நான்கு மடங்காக்கிவிட்டுப் பரிமாறுபவர்களைப் பத்துப் பேராகவே வைத்திருப்பது போன்றது இது.

நான் இங்கே போட்டது நீங்கள் கொடுத்த எண்களை வைத்த கணக்கு. உங்கள் சர்வரில் இதுதான் நடக்கிறதா என்பதை, ஒவ்வொரு திரெட்டும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று காட்டும் திரெட் டம்ப் சொல்லும். அதைப் பார்க்காமல் எந்த எண்ணையும் மாற்றாதீர்கள்.

உச்ச நேரத்தில் ஜாவாவோடு வரும் ஜேசிஎம்டி கருவிக்கு ப்ராசஸ் எண்ணையும் "திரெட்.பிரின்ட்" என்ற கட்டளையையும் கொடுத்து ஒரு ஃபைலில் சேமியுங்கள். பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை. ஒன்று மட்டும் எடுத்தால் நின்றுகொண்டிருக்கிறதா, கடந்து போகிறதா என்று தெரியாது. கன்டெய்னரில் ஜேஆர்இ (ஜாவாவை ஓட்டும் பகுதி) மட்டும் இருந்தால் ஜேசிஎம்டி இருக்காது. அப்போது ப்ராசஸுக்கு கில் மைனஸ் 3 சிக்னல் அனுப்பினால் டம்ப் கன்டெய்னர் லாகிலேயே விழும், ப்ராசஸ் சாகாது.

டம்பில் பெயர் பார்த்து ஒர்க்கர்களைப் பிரியுங்கள்: "எச்டிடிபி-என்ஐஓ-8080-எக்ஸெக்" என்று தொடங்கி எண்ணில் முடிபவை. சும்மா இருக்கும் ஒர்க்கரின் ஸ்டாக்கில் (ஒன்றையொன்று அழைத்த மெத்தடுகளின் பட்டியல்) டாஸ்க்க்யூ என்ற கிளாஸ் தெரியும், அவற்றை விட்டுவிடலாம். மற்றவற்றின் ஸ்டாக்கில் மேலிருந்து இறங்கும்போது உங்கள் சொந்தப் பேக்கேஜின் முதல் வரியையும், அதற்கு உடனே மேலே இருக்கும் லைப்ரரி வரியையும் எடுத்து, ஒரே மாதிரி இருப்பவற்றை எண்ணுங்கள். லினக்ஸின் கிரெப், சார்ட், யுனிக் கட்டளைகள் போதும். உங்கள் விஷயத்தில் ஏறத்தாழ 190 திரெட் ஹிகாரிபூலின் கெட்கனெக்ஷனில் டைம்டு-வெயிட்டிங் நிலையிலும், கனெக்ஷனைக் கையில் வைத்திருக்கும் பத்தில் எட்டு கேட்வே அழைப்பின் சாக்கெட் ரீடிலும் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த எட்டைத்தான் தேடவேண்டும். காத்திருக்கும் 190 நோயின் அறிகுறி, பிடித்துவைத்திருக்கும் பத்து காரணம்.

படிக்கும்போது ஒரு கண்ணி. சாக்கெட்டில் பதிலுக்குக் காத்திருக்கும் திரெட்டை ஜாவா "ரன்னபிள்" என்றே காட்டும். அதைப் பார்த்து சிபியு போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜேடிகே 11 முதல் டம்பில் ஒவ்வொரு திரெட்டுக்கும் அது பயன்படுத்திய சிபியு நேரமும் அச்சாகிறது. மூன்று டம்புகளிலும் அந்த எண் நகராமல் இருந்தால் அந்தத் திரெட் வெறுமனே காத்திருக்கிறது. "பிளாக்டு" என்று பல திரெட்டுகள் ஒரே முகவரிக்காக நின்றால், அதே முகவரியை "லாக்டு" என்று வைத்திருக்கும் திரெட்டைத் தேடுங்கள். குற்றவாளி பெரும்பாலும் சிங்க்ரனைஸ்டு செய்யப்பட்ட ஒரு கேஷ் அல்லது லாக் ஃபைலில் எழுதும் அப்பெண்டராக இருக்கும்.

இன்னொரு வழக்கமான இடம் எச்டிடிபி கிளையன்டின் பூல். அபாச்சி எச்டிடிபிகிளையன்ட் 4இல் ஒரு சர்வருக்கு டீஃபால்டாக 2 கனெக்ஷன்தான், மொத்தமாக 20. ஐந்தாம் பதிப்பில் 5, 25. கேட்வேக்கு 310 மில்லிசெகண்ட் ஆகும் நிலையில் 2 கனெக்ஷன் என்றால் விநாடிக்கு 6 அழைப்புதான் போகும். டம்பில் லீஸ்கனெக்ஷன் என்ற மெத்தடில் கூட்டமாக நின்றால் இதுதான். நான்காம் பதிப்பில் இந்தக் காத்திருப்புக்கு டைம்அவுட்டே கிடையாது, நீங்கள் வைத்தால்தான் உண்டு.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் ஸ்பிரிங்.ஜேபிஏ.ஓப்பன்-இன்-வியூவை ஃபால்ஸ் ஆக்குங்கள். லேசி லோடிங்கை (தேவைப்படும்போது மட்டும் டேட்டாவை எடுப்பதை) நம்பியிருக்கும் பக்கங்கள் லேசிஇனிஷியலைசேஷன் பிழை கொடுக்கும். அவற்றில் ஃபெட்ச் ஜாயின் போட்டு, தேவையானதை சர்வீஸ் அடுக்கிலேயே எடுத்துவிட வேண்டும். இதற்கு ஓரிரு நாள் வேலை பிடிக்கலாம், தவிர்க்க வழியில்லை. பிறகு டிரான்சாக்ஷனைப் பிரியுங்கள்: ஆர்டரைப் படித்து "பேமென்ட் தொடங்கியது" என்று எழுதி கமிட், கனெக்ஷன் இல்லாமல் கேட்வே அழைப்பு, முடிவை எழுத இன்னொரு சிறு டிரான்சாக்ஷன். இடையில் சர்வர் விழுந்தால் "தொடங்கியது" நிலையிலேயே நிற்கும் ஆர்டர்களை கேட்வேயிடம் கேட்டுச் சரிசெய்ய ஒரு வேலை ஓட வேண்டும். அது இல்லாமல் பிரிக்காதீர்கள், பணம் சம்பந்தப்பட்டது.

இதன்பின் கனெக்ஷன் கையிலிருக்கும் நேரம் 70 மில்லிசெகண்ட். விநாடிக்கு 120 என்றால் சராசரி 8.4. ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டு பூலை 20 ஆக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். போஸ்ட்கிரெஸின் மேக்ஸ்-கனெக்ஷன்ஸ் டீஃபால்ட் 100. அதில் சில சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. அப்ளிகேஷனை நான்கு நகலாக ஓட்டினால் 4 பெருக்கல் 20, 80. அடுத்த டெப்ளாய்மென்டில் பழையதும் புதியதும் சேர்ந்து நிற்கும்போது "டூ மெனி கிளையன்ட்ஸ்" பிழை நிச்சயம். பூல் அளவை எப்போதும் நகல்களின் எண்ணிக்கையோடு பெருக்கியே யோசியுங்கள்.

திரெட் வரம்பும் பூலும் நேரடியாக மோதும் இடம் ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒரு டிரான்சாக்ஷனுக்குள் ரிக்வயர்ஸ்-நியூ (தனியாகப் புது டிரான்சாக்ஷன் தொடங்கச் சொல்லும் அமைப்பு) போட்ட இன்னொரு மெத்தடை அழைத்தால் (ஆடிட் லாக் எழுதுவது வழக்கமான உதாரணம்) அந்தத் திரெட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கனெக்ஷன் வேண்டும். 20 திரெட் ஒரே நொடியில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்தால் பூல் காலி, யாரும் நகர முடியாது. 30 விநாடி கழித்து எல்லாரும் சேர்ந்து விழுவார்கள். இது நடக்கவே முடியாது என்று உறுதி சொல்ல வேண்டுமானால், திரெட் எண்ணிக்கையை, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய கனெக்ஷனில் ஒன்று குறைத்துப் பெருக்கி, அதோடு ஒன்று கூட்ட வேண்டும். 100 திரெட், தலா 2 என்றால் 101 கனெக்ஷன். 800 திரெட் என்றால் 801. அப்படி ஒரு பூலை போஸ்ட்கிரெஸ் தாங்காது. ரிக்வயர்ஸ்-நியூவை எடுத்துவிடுவதே சரி. ஆடிட் வரியை கமிட்டுக்குப் பிறகு எழுதலாம்.

அடுத்தது டைம்அவுட். டாம்கேட்டில் கனெக்ஷன்டைம்அவுட் என்று ஒன்று இருக்கிறது. அதை ரிக்வெஸ்டின் மொத்த நேர வரம்பு என்று பலர் நம்புகிறார்கள். அது கனெக்ஷன் வந்தபின் ரிக்வெஸ்ட் டேட்டா வந்துசேரக் காத்திருக்கும் நேரம் மட்டுமே. உங்கள் சர்வ்லெட் கோடு எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதற்கு டாம்கேட் எந்த வரம்பும் வைப்பதில்லை. என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி-ரீட்-டைம்அவுட் 60 விநாடி. அது முடிந்ததும் பயனருக்கு 504 (டைம்அவுட் பிழை) போகும், ஆனால் உள்ளே திரெட் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எனவே திரெட்டை விடுவிக்கும் பொறுப்பு முழுக்க உங்கள் வெளி அழைப்புகளின் டைம்அவுட்டில்தான். எச்டிடிபி கிளையன்டில் கனெக்ட், ரீட், பூலிலிருந்து எடுக்கும் நேரம் என மூன்றும் வைக்க வேண்டும். ஜாவாவின் பழைய எச்டிடிபியுஆர்எல்கனெக்ஷனில் டீஃபால்ட் முடிவிலி. ஜேடிபிசி டிரைவர்களிலும் சாக்கெட்டைம்அவுட் டீஃபால்ட் பூஜ்யம், அதாவது வரம்பில்லை. அதை வைக்கும்போது அலகைப் பாருங்கள்: போஸ்ட்கிரெஸ் டிரைவரில் விநாடி, மைஎஸ்க்யூஎல் டிரைவரில் மில்லிசெகண்ட். மைஎஸ்க்யூஎல்லுக்கு 30 என்று போட்டுவிட்டு எல்லா க்வெரியும் அறுந்து போவதும், போஸ்ட்கிரெஸுக்கு 30000 போட்டு எட்டு மணி நேரம் காத்திருப்பதும் இதனால்தான். ஹிகாரியின் 30 விநாடியையும் 2 அல்லது 3 விநாடிக்குக் குறையுங்கள். மூன்று விநாடியில் கனெக்ஷன் கிடைக்காத பயனருக்கு முப்பதாவது விநாடியில் கிடைத்துப் பயனில்லை, அவர் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்து இன்னொரு ரிக்வெஸ்டைச் சேர்த்திருப்பார்.

கேட்வே ஒருநாள் மெதுவாகும். 310 மில்லிசெகண்ட் 5 விநாடியானால் லிட்டில் கணக்குப்படி 600 திரெட் வேண்டும். அதற்காக 600 வைப்பது தீர்வாகாது. அடுத்தமுறை 20 விநாடியாகும். ரீட் டைம்அவுட்டை 2 விநாடி ஆக்கி, கேட்வே அழைப்பைச் சுற்றி ஒரு செமஃபோர், அதாவது ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற தடுப்பு, வையுங்கள். ரெசிலியன்ஸ்4ஜே லைப்ரரியின் பல்க்ஹெட் இதற்கே. அதன் டீஃபால்ட் 25, உங்களுக்கு அது போதாது. சாதாரணமாக 37 பேர் கேட்வேயில் இருப்பார்கள் என்பதால் 60 வைக்கலாம். காத்திருப்பு நேரம் பூஜ்யம், அதாவது இடமில்லையென்றால் உடனே 503 (சேவை இப்போது இல்லை) பிழை. 100 திரெட்டில் கேட்வே எவ்வளவு கெட்டாலும் 60தான் மாட்டும். மீதி 40இல் பொருள் பட்டியலும் லாகினும் ஓடும். திரெட் வரம்பு என்பதன் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது: ஒரு பகுதி கெட்டால் மொத்தமும் போகாமல் காப்பது.

மேக்ஸ்கனெக்ஷன்ஸ் 8192 என்பதையும் தொட வேண்டும். 100 திரெட், தலா 0.4 விநாடி என்றால் விநாடிக்கு 250 வரை திரெட் விடும், சிபியு 200இல் நிறுத்தும். 8000 பேர் உள்வரிசையில் இருந்தால் கடைசி ஆளுக்கு முறை வர 40 விநாடி. அதற்குள் பாதிப் பேர் போய்விட்டிருப்பார்கள். ஆனால் அவர்களது ரிக்வெஸ்ட் ஏற்கெனவே சாக்கெட் பஃபரில் இருப்பதால் டாம்கேட் அதைப் படித்து, முழுதும் ஓட்டி, எழுதும்போதுதான் "புரோக்கன் பைப்" என்று கண்டுபிடிக்கும். நெரிசல் ஏற்பட்டபின் வருகை குறைந்தும் சர்வர் தெளிய நேரமாவதற்கு இந்த வீண் வேலை ஒரு பெரிய காரணம். உங்களுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் இருப்பதால் பிரவுசர்களின் கீப்அலைவ் கனெக்ஷன்கள் டாம்கேட்டுக்கு வருவதில்லை. எனவே மேக்ஸ்கனெக்ஷன்ஸை 400 அளவுக்குத் தைரியமாகக் குறைக்கலாம். டாம்கேட்டை நோக்கி என்ஜின்எக்ஸ் திறந்தே வைக்கும் கனெக்ஷன்களின் (அப்ஸ்ட்ரீம் கீப்அலைவ்) எண்ணிக்கை அதற்குள் அடங்கவேண்டும். அது ஒவ்வொரு என்ஜின்எக்ஸ் ஒர்க்கர் ப்ராசஸுக்கும் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். டாம்கேட் நேராக இணையத்தைப் பார்த்து நின்றால் மட்டும் இந்தக் குறைப்பைச் செய்யாதீர்கள், சும்மா இருக்கும் பிரவுசர்களே 400ஐயும் நிரப்பிவிடும்.

அமைக்கும் இடத்தில் சில தடுக்கல்கள். ஸ்பிரிங் பூட் 2.3இலிருந்து பெயர் சர்வர்.டாம்கேட்.திரெட்ஸ்.மேக்ஸ். அதற்கு முன் மேக்ஸ்-திரெட்ஸ். பழைய பெயரை இன்றைய பதிப்பில் எழுதினால் பிழை வராது, வேலையும் செய்யாது. தனியாக நிறுவிய டாம்கேட்டில் சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கனெக்டர் ஒரு எக்ஸிக்யூட்டரை (பொதுவான திரெட் பூல்) சுட்டினால், கனெக்டரில் எழுதிய மேக்ஸ்திரெட்ஸ் செல்லாது, எக்ஸிக்யூட்டரில் உள்ளதே செல்லும். ஓடும் மதிப்பை ஜாவாவின் கண்காணிப்பு வசதியான ஜேஎம்எக்ஸில் திரெட்பூல் எம்பீனில் பாருங்கள், கரன்ட்திரெட்ஸ்பிஸியும் அங்கேதான். ஸ்பிரிங் பூட்டில் இந்த அளவீடுகள் மெட்ரிக்ஸில் வர எம்பீன்ரெஜிஸ்ட்ரியை எனேபிள் செய்ய வேண்டும், டீஃபால்டாக அணைந்திருக்கும்.

வேறு திரெட்டில் பின்னணியில் ஓடும் அசிங்க் மெத்தடுக்கு வேலையைத் தள்ளிவிட்டால் டாம்கேட் திரெட் காலியாகும்தான், ஆனால் நெரிசல் அங்கே குடியேறும். ஜாவாவின் சாதாரண திரெட்பூல்எக்ஸிக்யூட்டர் கோர் எண்ணிக்கை நிறைந்ததும் முதலில் வரிசையை நிரப்பும், வரிசை நிறைந்தால்தான் கூடுதல் திரெட் உருவாக்கும். டாம்கேட் இதைத் தலைகீழாக்கி, மேக்ஸ் வரை திரெட்டை உருவாக்கிய பிறகே வரிசையில் போடுகிறது. ஸ்பிரிங் பூட்டின் அசிங்க் எக்ஸிக்யூட்டரில் கோர் 8, வரிசைக்கு வரம்பில்லை. ஆக எட்டுக்கு மேல் ஒருபோதும் போகாது, மேக்ஸ் என்ன போட்டாலும்.

800 திரெட்டால் மெமரி ஏறியதற்கு எல்லாரும் ஸ்டாக்கை (ஒவ்வொரு திரெட்டுக்கும் தனியாக ஒதுக்கும் மெமரி) குற்றம் சொல்வார்கள். 64 பிட் லினக்ஸில் ஒரு திரெட்டுக்கு 1 எம்பி ஸ்டாக் ஒதுக்கீடு என்பது உண்மை. ஆனால் அது முகவரி ஒதுக்கீடு, தொட்ட பக்கங்கள்தான் நிஜ மெமரி. பெரிய செலவு ஜாவா ஆப்ஜெக்டுகள் இருக்கும் ஹீப்பில்: ஒவ்வொரு ரிக்வெஸ்டும் பாதியில் நிற்கும்போது படித்த என்டிட்டிகளையும் ஜேசனையும் கையில் வைத்திருக்கும். ஆளுக்கு 3 எம்பி என்றால் 200க்கு 600 எம்பி, 800க்கு 2.4 ஜிபி. இவை காத்திருக்கும் நேரமெல்லாம் உயிரோடு இருப்பதால் நீண்ட நாள் ஆப்ஜெக்டுகளுக்கான ஓல்டு ஜெனரேஷனுக்கு நகர்ந்து, ஜிசி (மெமரியைச் சுத்தம் செய்யும்) நேரத்தையும் கூட்டும். "நேட்டிவ் திரெட் உருவாக்க முடியவில்லை" என்ற அவுட்ஆஃப்மெமரி வந்தால் விஷயம் வேறு. ஹீப்பைக் கூட்டினால் இன்னும் கெடும். யூலிமிட்டில் யூசருக்கான ப்ராசஸ் வரம்பு, சிஸ்டம்டியின் டாஸ்க்ஸ்மேக்ஸ், கன்டெய்னரின் பிட்ஸ் வரம்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். லினக்ஸ் ஒவ்வொரு திரெட்டையும் அந்த வரம்புகளில் ஒன்றாக எண்ணுகிறது.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஓட்டினால் ஹெல்த் செக்கைத் தனி போர்ட்டுக்கு மாற்றுங்கள், மேனேஜ்மென்ட்.சர்வர்.போர்ட் வைத்தால் அதற்கெனத் தனிக் கனெக்டரும் தனித் திரெட்டுகளும் வரும். ஒரே பூலில் இருந்தால், 1 விநாடி டைம்அவுட்டும் 10 விநாடிக்கு ஒருமுறை வீதம் மூன்று தோல்வியும் டீஃபால்டாக உள்ள லைவ்னஸ் புரோப் (உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை), நெரிசல் தொடங்கிய அரை நிமிடத்துக்குள் அந்த நகலையே (பாட்) கொல்லும். அதன் சுமை மற்றவற்றின் மேல் விழும், அவையும் வரிசையாகப் போகும்.

ஜாவா 21இன் வர்ச்சுவல் திரெட் (ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய இலகுவான திரெட்) இதையெல்லாம் தீர்க்காதா என்று கேட்பீர்கள். ஸ்பிரிங் பூட் 3.2 முதல் ஒரு செட்டிங்கில் இயக்கலாம். இயக்கினால் திரெட்ஸ்.மேக்ஸ் செல்லாது; 200 என்ற தடுப்பு போய், மேக்ஸ்கனெக்ஷன்ஸ் அளவுக்கு எல்லா ரிக்வெஸ்டும் நேராக ஹிகாரி வாசலில் போய் நிற்கும். கேட்வே மாதிரி காத்திருப்பு நிறைந்த வேலைக்கு நல்ல வசதிதான். ஆனால் பூல், பல்க்ஹெட், டைம்அவுட் மூன்றும் சரியாக இருந்தால் மட்டும். சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் காத்திருந்தால் அடியிலுள்ள உண்மைத் திரெட்டும் மாட்டிக்கொள்ளும் சிக்கல் ஜேடிகே 24இல்தான் தீர்ந்தது. 21இல் இயக்குவதற்கு முன் பழைய டிரைவர்களைச் சோதியுங்கள்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு லோட் டெஸ்ட் ஓட்டுங்கள். "100 யூசர்" என்று வைக்காமல் விநாடிக்கு இத்தனை ரிக்வெஸ்ட் என்று நிலையான வருகை வேகம் வைக்கும் கருவியும் அமைப்பும் வேண்டும். யூசர் எண்ணிக்கை வைத்த டெஸ்டில் சர்வர் மெதுவானால் அனுப்புபவரும் மெதுவாகிவிடுவார், நெரிசல் தெரியவே தெரியாது. 120இல் தொடங்கி 150, 180, 220 என்று ஏற்றுங்கள். கேட்வேக்குப் பதில் வைத்த போலி சர்வரை நடுவில் ஒருமுறை 5 விநாடி தாமதமாக்குங்கள். 120இல் பிஸி திரெட் 50ஐ ஒட்டியும் ஹிகாரியின் பெண்டிங் (கனெக்ஷனுக்குக் காத்திருப்பவர்கள்) பூஜ்யத்தை ஒட்டியும் நின்று, தாமதத்தின்போது கேட்வே பக்கங்களில் மட்டும் 503 வந்து, மற்றவை அசையாமல் ஓடினால் 100ஐ அப்படியே விட்டுவிடலாம். அலாரத்தை பிஸி திரெட் 70ஐத் தொட்டு ஒரு நிமிடம் நின்றால் அடிக்கும்படியும், ஹிகாரி பெண்டிங் 5க்கு மேல் பத்து விநாடி இருந்தால் அடிக்கும்படியும் வையுங்கள். டேட்டாபேஸ் பக்கத்து நெரிசலில் இரண்டாவது அலாரம்தான் முதலில் அடிக்கும்.